மருமகளின் கபடியும் நான் வாங்கிய வளையலும்

1

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் என் மருமகள் மஞ்சுளாவுக்கு வேலை போயிற்று. அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். வயிற்றுப் பிள்ளையோடு கபடி மேட்ச் பார்க்கப் போனதால்தான் போயிற்று என்று என் மகன் முருகேசன் இன்றைக்கும் சொல்கிறான். பக்கத்து வீடுகளிலும் அதே பேச்சுதான். நடந்தது அது இல்லை.

நம்மூர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மலர் போடுவதாகவும், வெளியில் போய்க் குடியிருப்பவர்கள் எல்லாரும் அவரவர் வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். துபாய்க்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாம் எழுதுவார்கள். நான் கோவில்பட்டியில் பஸ் ஏறி ஓசூரில் இறங்கியவள். கடல் எதையும் தாண்டவில்லை. ஆனால் பதினாலு வருஷமாக ஓசூர் ஓரத்து மூக்கண்டப்பள்ளியில் கடைக்குப் போனால் விரலை நீட்டித்தான் சாமான் வாங்குகிறேன். ஒரு கடையில் தெலுங்கு, அடுத்த கடையில் கன்னடம். தமிழ் பேசுகிற கடையில் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். இந்த ஊர் அதை முற்றிலும் பழக்கிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

2

மஞ்சுளா ஓசூருக்குப் பக்கத்தில் உத்தனப்பள்ளிக்காரி. தக்காளி போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்றும் அவளுக்கு வரும். முருகேசனும் அவளும் தாங்களாகவே பார்த்து முடித்துக்கொண்ட கல்யாணம். நாலு வருஷமாகிறது. செல்போனுக்குள் வைக்கிற பச்சைத் தகடு செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தாள்.

அவளுக்குக் கபடி என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் ஆடியவள். பிளஸ் டூவோடு நின்றுபோயிற்று. ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது டிவியில் மாநிலத்துக்கு மாநிலம் அணி கட்டி ஆடுகிறார்களே, அதில் ஒரு ஆட்டம் விடமாட்டாள். காலை ஷிப்ட் என்றால் ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, குளித்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, ஏழரைக்குள் சாப்பாட்டை முடித்துவிடுவாள். எட்டு மணிக்கு டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால் கையில் ஒரு நோட்டு இருக்கும். யார் எத்தனை ரெய்டு போனான், யார் எத்தனை பேரைப் பிடித்தான் என்று கோடு கோடாகப் போட்டு வைப்பாள். மதிய ஷிப்ட் வாரத்தில் மறுநாள் காலையில்தான் செல்போனில் பார்ப்பாள். பார்த்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குழாயடியில் ஒருத்தர், "நேத்து உங்காளுங்க தோத்துட்டாங்களேம்மா" என்று சொல்லிவிட்டார். அவரோடு ரெண்டு நாள் பேசவில்லை.

நம்மூரில் அது சடுகுடு. பங்குனிப் பொங்கலுக்குக் கண்மாய்க்குள் ஆடுவார்கள். பொம்பளைகள் அந்தப் பக்கம் நின்று பார்க்கிற வழக்கமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கரையோடு போய்விடுவேன். என் தம்பி முட்டி உடைந்து வந்த அன்றைக்குத்தான் அவனும் ஆடுகிறவன் என்று எனக்குத் தெரியும். அறுபத்தாறு வயசில் அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் மஞ்சுளா. அடுப்படித் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தாள்.

"அத்தே, இங்க பாருங்க. இந்த ஏழு வெங்காயமும் நம்ம ஆளுங்க. இந்தப் பச்சமொளகா ரெய்டுக்கு வர்றான்."

"வந்து என்ன செய்வான் தாயி?"

"ஒரு வெங்காயத்தத் தொட்டுட்டு கோட்டுக்கு அந்தப்பக்கம் ஓடிரணும். அதுக்குள்ள எல்லாரும் சேந்து அமுக்கிட்டா அவன் அவுட்டு."

"ஒத்தை ஆளை ஏழு பேரா அமுக்குவாக? நல்லா இருக்கே நியாயம்."

"கம்பெனியில வந்து பாருங்க அத்தே, எங்க லைன்ல அதான் நடக்குது" என்று சிரித்தாள்.

ஒரு நாள் நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு ஜன்னல் மூலையில் உட்கார்ந்திருந்தபோது அவள் அணி கடைசி ரெய்டில் ஜெயித்துவிட்டது. அதிலிருந்து மேட்ச் இருக்கிற நாளெல்லாம் நான் அதே மூலையில் முறத்தோடு உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால், "எழுந்திரிக்காதீங்க அத்தே, லீடு போயிரும்" என்பாள். சுத்தமான அரிசியை எத்தனை நாள் புடைத்தேன் என்று கணக்கில்லை. இந்தப் பதினாலு வருஷத்தில் இந்த வீட்டில் நான் இருந்தால்தான் ஆகும் என்று யாராவது சொன்னது அப்போதுதான்.

3

இந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாசம், ஒன்று நாலாம் மாசம். மூன்றாவதாக உண்டானபோது நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தேன். அவள் சத்தம் போட்டு டிவி பார்ப்பதே எனக்குப் பயமாக இருந்தது. ஐந்தாம் மாசம் பிள்ளை அசைய ஆரம்பித்ததும் அவள் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "பாத்தீங்களா, ரெய்டு வந்துட்டு ஓடிட்டா" என்றாள். பெண் பிள்ளைதான் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அவளைக் கர்ப்பிணி என்று அரசாங்கத்தில் பதிந்து நம்பர் வாங்குவதற்குள் படாத பாடு. அவள் ஆதாரில் உத்தனப்பள்ளி, முருகேசன் ஆதாரில் நம்மூர், குடியிருப்பது இங்கே. இங்கே இருந்த நர்ஸம்மா, அம்மா வீட்டில் போய்ப் பதியச் சொன்னார்கள். அங்கே போனால், புருஷன் வீட்டில்தானே இருக்கிறாய், அங்கே போ என்றார்கள். மூன்று தடவை அலைந்து வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லித்தான் லீவு. ஏனென்றால் அவள் உண்டாகியிருப்பது கம்பெனிக்குத் தெரியாது.

தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். அப்படி எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கும்போது அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்காது. மஞ்சுளாவுக்குப் புதுப்பிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் சொல்லிவிட்டு முறையாக லீவு கேட்கலாம் என்று நினைத்திருந்தாள். கம்பெனிக்குள் எல்லாரும் தொளதொளவென்று ஒரு கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்கு வயிறும் சின்னதுதான். கூட வேலை பார்க்கும் பெண்கள் நின்று செய்கிற வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு அவளை உட்கார்ந்து செய்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்தப் பத்து நாளைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

4

நான்தான் வளைகாப்பு என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேணாம் அத்தே. எங்க கம்பெனியில உள்ள போறப்ப வளையல், மோதிரம் எதுவும் கூடாது. கேட்ல கையத் தடவிப் பாத்துதான் விடுவாங்க."

"ஏழாம் மாசம் முடியப் போகுது தாயி. எட்டுல போடக் கூடாது. நம்ம பக்கம் வளையல் சத்தம் கேட்டாத்தான் புள்ளைக்குத் தெம்பு."

"என் சத்தம் கேக்கறது போதாதா அதுக்கு?"

நான் அழுதுவிட்டேன். நான் வாய் திறந்து கேட்பது அபூர்வம் என்பதால் அவள் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை. வேலைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு, வந்ததும் போட்டுக்கொள்வாள். நானும் சரி என்றேன். நம் பக்கத்தில் பிரசவத்துக்குப் போகிறவரை அதைக் கழற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மனசு ஒப்பவில்லை. இரண்டு பிள்ளை போன வீடு.

வளையல் வாங்கப் பஜாருக்கு நான் மட்டும்தான் போனேன். மஞ்சுளா தன் பழைய வளையல் ஒன்றை அளவுக்குக் கொடுத்திருந்தாள். கடைக்காரம்மா அதை விரலில் மாட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு ஆறு சைஸுங்கம்மா. யாருக்கு?"

"மருமகளுக்கு. வளைகாப்பு."

"அப்டின்னா ரெண்டு எட்டு வாங்கிக்குங்க. மாசம் ஆவ ஆவ கை ஊதும். அப்புறம் ஏறாது, எறங்காது."

"ரெண்டு நாலு குடுங்க" என்றேன்.

"அய்ய, சின்னதும்மா அது. சோப்பு போட்டு ஏத்தணும். கழட்டறது கஷ்டம்."

"அதேதான் வேணும்" என்றேன்.

இதுதான் நான் செய்தது. தெரியாமல் செய்யவில்லை. கழற்ற முடியாவிட்டால் அவள் கழற்றமாட்டாள், கழற்றாவிட்டால் பிள்ளை தங்கும் என்று என் புத்தி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. கேட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். கோட்டுக் கைக்குள் மறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் கபடிப் போட்டியின் கடைசி ஆட்டம். முருகேசன் கம்பெனி அணியும் ஆடுகிறது. மஞ்சுளா என்னைப் பார்த்து, "காலையில உங்க ஃபங்ஷன், மத்தியானம் என் ஃபங்ஷன். டீலுங்களா அத்தே?" என்றாள்.

காலையில் அவள் அம்மா நாகம்மா உத்தனப்பள்ளியிலிருந்து வந்தார்கள். ஐந்து வகைச் சாதம் கட்டினோம். சோப்புத் தண்ணீர் போட்டு நான்தான் வளையலை ஏற்றினேன். கைக்குப் பதினொன்று. ஏற்றும்போது மஞ்சுளா முகம் சுளித்தாள். "டைட்டா இருக்கே அத்தே" என்றாள். "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மத்தியானம் முருகேசன்தான் பைக்கில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போனான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளாகப் போகவில்லை. தனக்குப் பிடித்த அணியின் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு போனாள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்று கை தட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்து, தொண்டை கட்டியிருந்தது. "ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம் அத்தே! கடைசி ரெய்டு அத்தே!" என்று அடுப்படியில் நின்றே ஆடிக் காட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு வளையலைக் கழற்ற உட்கார்ந்தாள். கை இரண்டும் பொங்கியிருந்தன. சோப்பு போட்டோம். தேங்காய் எண்ணெய் போட்டோம். பிளாஸ்டிக் கவரைக் கையில் சுற்றி இழுத்தோம். இடது கையில் தோலை உரித்துக்கொண்டு எல்லா வளையலும் வந்துவிட்டன. வலது கையில் ஒன்றுகூட நகரவில்லை.

"ஒடச்சிடுங்க அத்தே."

"அபசகுனமாப் பேசாத. வயித்துப்புள்ளக்காரி கையில வளையல் உடையவே கூடாது."

"பஸ் வந்துரும் அத்தே. ஒரு துணியச் சுத்தி ஒரு தட்டு. அவ்ளோதான்."

அம்மிக் குழவி அவள் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதை எடுத்து என் பின்னால் வைத்துக்கொண்டேன். முருகேசன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, "முழுக்கை போட்டுட்டுப் போ, யாரு பாக்கப் போறா" என்றான். தெரு முனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள்.

ஒன்பது மணிக்கு ஆட்டோவில் திரும்பி வந்தாள். கேட்டில் சோதிக்கிற பெண் கையைத் தடவியதும் வளையல் சத்தம் கேட்டிருக்கிறது. முழுக்கையை மேலே ஏற்றிப் பார்த்தவள் நம்மைப் போல ஒரு தமிழச்சி. கை நிறையக் கண்ணாடி வளையல் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? "எத்தன மாசம்?" என்றுதான் முதலில் கேட்டாளாம். ஆபீஸுக்குள் கூட்டிப்போய் எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்களாம். ஒரு மேடம் சாக்லேட் கொடுத்தார்களாம். கம்பெனி நர்ஸ் துணியைச் சுற்றி வலது கை வளையல்களை உடைத்து எடுத்திருக்கிறாள். பிறகு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர், "வீட்ல ரெஸ்ட் எடும்மா, டெலிவரிக்கு அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லியே அனுப்பிவிட்டார்கள்.

நான் உடையக் கூடாது என்று காப்பாற்றிய வளையல் அங்கே உடைந்தது. வேலையும் போயிற்று. வயிற்றில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தது.

6

சாயங்காலம் முருகேசன் வந்து குதித்தான். "வெயில்ல நின்னு கத்துனா கை வீங்காம என்ன பண்ணும்? கபடி, கபடி, கபடி! பெரிய நேஷனல் பிளேயர்! ஒரு நாள் வீட்ல இருந்திருந்தா வேல போயிருக்குமா?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம், வாய் வராது என்று நம்மூரில் எல்லாரும் சொல்வீர்கள். அன்றைக்கு வாய் வராமல் இருந்தது கூச்சத்தால் இல்லை. எனக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். உரித்து முடித்த பூண்டையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தேன்.

குழாயடியிலும் அதே பேச்சு பரவியது. "மாசமா இருக்கறவ கிரவுண்டுக்குப் போலாமா? அதுக்கோசரந்தான் வேல போச்சாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். அப்போதும் நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கபடி பார்க்கவில்லை. எட்டு மணியானால் ரிமோட்டை என் பக்கத்தில் வைத்து, "சீரியல் பாருங்க அத்தே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு அந்த மூலையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டைக் காணோம். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு நாள்கூட அவள் திட்டவில்லை. நேரத்துக்குக் காபி, நேரத்துக்கு மாத்திரை, எல்லாம் கொடுத்தாள். லாட்ஜில் தங்கியிருப்பவளைப் போல இருந்தேன்.

7

ஒன்பதாம் மாசம் முடியப் போகிற சமயத்தில் நாகம்மா பிரசவத்துக்குக் கூட்டிப் போக வந்தார்கள். "வதினே, பத்திரமா பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க" என்று என் கையைப் பிடித்தார்கள். வதினே என்றால் தெலுங்கில் அண்ணி. அவர்கள் பையை எடுத்துக்கொண்டு கார் பக்கம் போனதும் மஞ்சுளா வாசலில் நின்றாள்.

"அத்தே, அந்த இடது கை வளையலெல்லாம் வச்சிருக்கேன்ல, என் பழசோட வச்சுப் பாத்தேன். ரெண்டு நாலு அது."

நான் ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கே தெரியும். நான் அவர்கிட்ட சொல்லல. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். ரெண்டு மாசமா பாத்தேன்."

அழவில்லை, கத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று படியையும் மெதுவாக இறங்கிப் போய்க் காரில் ஏறினாள்.

அன்று மத்தியானம் முருகேசன் சாப்பிடும்போது சொன்னேன். கடைக்காரம்மா சொன்னதையும், நான் சின்ன அளவு கேட்டு வாங்கியதையும், குழவியை மறைத்ததையும், ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அவன் செல்போனை ஒரு கையில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

"என்னம்மா நீ. வளையல் சைஸெல்லாம் ஒரு காரணமா? அவளுக்குச் சப்போட்டு பண்ணாத. அன்னிக்கு மேட்சுக்குப் போவாம இருந்திருந்தா கழட்டியிருக்கலாம்."

"நீதானடா பைக்குல கூட்டிட்டுப் போனே?"

"அவ கேட்டா. போனேன்."

அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். கன்னடத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே கை கழுவப் போனான். அவன் இங்கே வந்த புதிதில், இந்தப் பாஷை எல்லாம் நாக்கில் நிற்கவில்லை அம்மா என்று என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னவன். இப்போது எனக்குப் புரியாத இரண்டு பாஷையில் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. நான் தமிழில் சொன்னது அவனுக்கு எட்டவில்லை. இரண்டு மாசம் முன்னால் அவள் எதிரில் சொல்லியிருந்தால் எட்டியிருக்குமோ என்னவோ. யாரும் இல்லாத இடத்தில் சொன்ன உண்மைக்கு என்ன மதிப்பு?

முந்தாநாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நானே அவளுக்குப் போன் போட்டேன். எனக்குப் போன் பேசுவது என்றாலே உள்ளங்கை வேர்க்கும். அவனிடம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் போட்டேன். மஞ்சுளா எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல். அவள் தம்பிகள் தெலுங்கில் கத்துகிறார்கள், டிவியில் விசில் சத்தம், அதற்கு நடுவே இவள் மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். வேலை போன நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

"சொல்லுங்க அத்தே, ஏதாவது அவசரமா?"

நினைத்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "யாரு தாயி ஜெயிக்கிறா?" என்று கேட்டேன்.

"மேட்ச் நடக்குது அத்தே. வச்சிடறேன்" என்றாள்.